36-க்கு மேலே இரண்டு

எழுபதுகளின் கடைசியில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கூட்டணும், டீ வாங்கணும், டார்க் ரூமில் டிரேயை ஆட்டணும். கேமராவைத் தொடுவது மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அந்தக் கேமரா ரஷ்யாக்காரன் செய்த ஜோர்க்கி-4. ஹார்பரில் சோவியத் கப்பலிலிருந்து இறங்கியது என்பார் மாஸ்டர். பர்மா பஜாரில் வாங்கியது என்பார் அவர் தம்பி. அந்தக் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒருநாள் வீணாய்ப்போன ரோல் ஒன்றைக் கையில் கொடுத்து, "கண்ணை மூடிக்கினு மாட்டு" என்றார். கேமராவின் பின்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே துண்டாகக் கழன்று வரும். ரோலை இடது குழியில் உட்காரவைத்து, பிலிமின் நாக்கை வலதுபக்க ஸ்பூலின் இடுக்கில் செருகி, ஓட்டைகளில் பல்சக்கரம் பிடிக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கணும். அந்த ஸ்பூல் தனியாகக் கையோடு வந்துவிடும். அது தொலைந்தால் கேமரா வெறும் இரும்பு. மூடியபின் இடதுகைக் குமிழை மெல்லத் திருப்பித் தொய்வை எடுத்துவிட்டு, வைண்ட் பண்ணணும். அப்போது குமிழ் தானாகச் சுற்றணும்.

"சுத்துதா?" மாஸ்டர் கேட்பது அது ஒன்றுதான். சுற்றாவிட்டால் பிலிம் நகரவில்லை என்று அர்த்தம். தாலி கட்டியது, மாலை மாற்றியது எதுவும் விழாது. கல்யாண வீட்டில் இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா? அது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பதால் இன்னொரு வில்லங்கம். பார்க்கிற ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. மூடியைக் கழற்றாமலே எடுத்தாலும் மாப்பிள்ளை பளிச்சென்று தெரிவார்.

36 படம் என்றுதான் ரோலில் போட்டிருக்கும். டார்க் ரூமில் வைத்து மாட்டினால், வெளிச்சத்தில் வீணாகும் நுனியிலும் படம் எடுக்கலாம், 38 தேறும். அந்த இரண்டு படக் காசு மாஸ்டருடைய தனி வருமானம். வேறு தெய்வபக்தி எதையும் அவரிடம் நான் பார்த்ததில்லை.

ஊட்டியில் 1967 முதல் பிலிம் செய்துவந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நொடித்து, கடைசியில் மூடியே விட்டார்கள். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

இப்போது என் அக்கா பையன் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி ஐ.டி. வேலைக்குப் போகிறான். ஆன்லைனில் அதே ஜோர்க்கி-4 வாங்கியிருக்கிறான். ரோல் வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலைக்கு அன்றைக்கு ஸ்டுடியோவையே சில மாதம் நடத்தியிருக்கலாம். "நிதானமா எடுக்கறதுதான் மாமா விஷயமே" என்கிறான். நாங்களும் நிதானமாகத்தான் எடுத்தோம், வேகமாக எடுக்க வசதியில்லாததால். பின்மூடி வழியாக வெளிச்சம் புகுந்து ஓரம் வெளுத்தால் எங்களுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்த வெளுப்பைப் போனில் எடுத்த நல்ல படத்தின்மேல் பூசவே ஆப் வந்திருக்கிறதாம். எப்படிக் கெடுப்பது என்று எங்களிடமே கேட்டிருக்கலாம்.

போன ஞாயிறு, யூடியூபில் பார்த்தது புரியவில்லை என்று புது ரோலோடு வந்தான். மாட்டிக் கொடுத்தேன். மூடினேன், வைண்ட் பண்ணினேன், குமிழ் சுற்றியது. எதிரே போனை நீட்டிக்கொண்டிருந்தவன் சொன்னான்: "மாமா, உள்ள சரியா தெரியல. இன்னொரு தபா தொறந்து காட்டுங்க, ரீல்ஸுக்கு."