புகைக்கு மருந்து புஸ்தகத்துல இருக்கு மாப்ளே!

ஏம் மாப்ளே, கல்கத்தாவுல உன்ற பைக்கு நீலப் புகை விடுதுன்னு எங்கக்கா போன்ல மூக்கைச் சிந்தறா. மகன் புது வண்டி கேக்கறானாம், தாய்மாமன் நாஞ் சொன்னாக் கேப்பியாம். நாமக்கல்லுல இருந்து ஹவுராவுக்கு லாரி ஓட்டுன காலத்துல எஞ்சின் பேச்சையே நான் கேட்டுப் பழகுனவன். உன்ற பேச்சு வெளங்காதா?

நீ யார்கிட்ட யோசனை கேட்டிருப்பேன்னு நானே சொல்றேன். ஷோரூம்காரன் புகையைப் பாக்காமலே “முடிஞ்சுது சார்”னிருப்பான். மெக்கானிக்கு “பிரிச்சாத்தான் தெரியும் தாதா”ன்னிருப்பான். அப்பறம் லேக் மார்க்கெட் பக்கம் டீக்கடை. மண் குவளையில டீ ஆறறதுக்குள்ள உன்ற சேக்காளிக பிஸ்டன்ல ஆரம்பிச்சு, மோகன் பகான் ஃபுட்பால் வழியா சத்யஜித் ரே படம் வரைக்கும் போயிருப்பாங்க. தீர்ப்பு மட்டும் வந்திருக்காது.

எஞ்சினைத் தொடாதே. மொதல்ல ஆர்.சி. புக்கை எடு. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருசம். அப்பறம் வண்டியைக் காட்டி, பாஸ் ஆனா அஞ்சு வருசத்துக்குப் புதுப்பிப்பாங்க. 300 ரூபாயா இருந்த பைக் கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 1000 ஆக்கிப்போட்டாங்க. பதிவு முடிய ரெண்டு மாசம் இருக்கையில எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டிப்போட்டு, பெல்தலா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போய் நின்னு, சேஸிஸ்ல துருன்னு தள்ளிவிட்டாங்கன்னா என்ன பண்ணுவே? புது பிஸ்டனை அரைஞாண்ல கோத்துக் கட்டிக்கிட்டுத் திரி.

அம்பாசடர் கார் கதை உங்க ஊர்க் கதைதானே? உத்தரபாரா ஆலையில 2014 மே மாசம் வேலையை நிறுத்துனாங்க. ஆலைதான் நின்னுச்சு, மஞ்ச டாக்சிக்காரன் பிரிக்கறதும் மாட்டறதுமா ஓட்டிக்கிட்டே இருந்தான். அவனை எஞ்சினா நிறுத்துச்சு? 15 வருசம் தாண்டுன வாடகை வண்டி ஊருக்குள்ள ஓடக்கூடாதுன்னு 2008-ல ஹைகோர்ட் போட்ட உத்தரவு நிறுத்துச்சு. 2009-ல டூ ஸ்ட்ரோக் ஆட்டோவும் அந்தச் சூட்டோடயே ஒழிஞ்சுது. எஞ்சினுக்கு ஆயுசு கெட்டி மாப்ளே. காயிதத்துக்குத்தான் நாள் குறிச்சிருக்கு.

காயிதம் சரின்னா அப்பறம் புகையைப் பாரு. காலையில மொத உதையில மட்டும் நீலமா வந்து நின்னு போச்சுன்னா வால்வ் ஆயில் சீல் போயிருக்கும்; சின்ன வேலை. முறுக்கறப்பெல்லாம் வந்தா பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ தேஞ்சிருக்கு. கறுப்பாப் புகைஞ்சா கார்புரேட்டர் பெட்ரோலைக் குடிக்குது, எஞ்சின் பாவம் சும்மா இருக்கு. ஆடி மழையில டண்டனியா காளி கோயில் பக்கம் முழங்கால் தண்ணியில வண்டியை விட்டியே, ஆயில் பால் கணக்கா வெளுத்திருந்தா உள்ளாற தண்ணி போயிருக்கு. அதுக்கு மருந்து ஆயிலை வடிக்கிறது. ஷோரூம் இல்லே.

பிளக்கைக் கழட்டி கம்ப்ரஷன் கேஜை மாட்டி உதைச்சுப் பாக்கச் சொல்லு. அளவு கம்மியா இருந்தா, அந்த ஓட்டையில ஒரு கரண்டி ஆயிலை விட்டு மறுபடி உதைக்கோணும். அளவு ஏறுனா ரிங், போர் தேய்மானம். ஏறலேன்னா கோளாறு மேல வால்வுல. இதைப் பாக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். பாக்காமலே வெலை சொல்றவன் வைத்தியனில்லே, வியாபாரி.

போர்தான் தேஞ்சிருக்குன்னா பிளாக்கை லேத்துக்குக் கொண்டு போ. மேல, நடு, கீழன்னு மூணு எடத்துல, குறுக்கயும் நெடுக்கயும் அளக்கோணும். மேல்பக்கந்தான் சூடும் அழுத்தமும் அதிகம், அங்கதான் அதிகமாத் தேயும். போரைப் பெருசாக் கடையற ரீபோர் கால் மில்லி கணக்குல ஏறும்: 0.25, 0.50, 0.75, 1.00. மொத ரீபோர்னா பயமில்லாமச் செய். ஒரு மில்லி முடிஞ்சிருந்தா புது பிளாக்கு பிஸ்டன் செட்டு வாங்கோணும். அடியில “டொக் டொக்”குன்னு இடிச்சா கிராங்க், கனெக்டிங் ராடு வேலை. செலவு அங்கதான் வேட்டியை உருவும்.

அப்ப உன்ற புத்தி பழைய வண்டிச் சாமான் விக்கிற மல்லிக் பஜாருக்குப் போகும். தெரியும். பக்கத்துலயே கல்லறைத் தோட்டம், கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் அங்கதான் படுத்திருக்காரு. செத்த மனுசங்க அந்தப் பக்கம் அமைதியாக் கெடக்க, செத்த வண்டிக இந்தப் பக்கம் எந்திரிச்சு உக்காந்து வெலை பேசும். முழு எஞ்சினே கெடைக்கும். ஆனா எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில இருக்குது. பில்லில்லாம வாங்கி மாட்டுனா, அது யார் வீட்டு வண்டியில இருந்துதுன்னு போலீஸ் கேக்கறப்ப “சும்மா கெடந்துதுங்க”ன்னு சொல்லப் போறியா? பில்லோட வாங்கி, ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, ஆர்.சி.யில நம்பரை ஏத்து. அந்த நடைக்குச் சோம்பலா இருந்தா அந்தப் பக்கமே போகாதே.

கடைசியாக் காசு. வண்டி விக்கிற வெலையில பாதிக்கு மேல செலவு பண்ணாதேன்னு எல்லாரும் ஓதுவாங்க. நீ விக்கப் போறியா, ஓட்டப் போறியா? ரீபோர் செலவு புது வண்டியோட எத்தனை மாசத் தவணைக்குச் சமம்னு பாரு. அதுக்கு மேல நாலு மாசம் வண்டி ஓடுனாலும் உனக்கு லாபம். பிரேக், சேஸிஸ், ஒயரிங் எல்லாமே போச்சுன்னா மட்டும் பழசைக் கும்பிட்டு அனுப்பு. ரீபோர் பண்ணுனா மொத ஐநூறு கிலோமீட்டர் முறுக்காம ஓட்டு, ஆயிலைச் சீக்கிரமா மாத்து. பின்னால யாரு உக்காந்து வேகம் காட்டச் சொன்னாலுஞ் சரி.

இத்தனையும் பாத்து வண்டி நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்ச பொறவும் புதுசு கேக்குதா? வாங்கு, எனக்கென்ன. ஆனா அக்காகிட்டப் புகையைச் சாக்குச் சொல்லாதே, ஆசைன்னு சொல்லு. ஆசை தேஞ்சா ரீபோர் பண்ற லேத்து மல்லிக் பஜார்லயும் கெடையாது.