நகலியல்: எலெக்ட்ரிக் கிட்டார் குறித்து ஓர் அவசரமில்லாத ஆய்வு

உலகில் தீர்ப்பாகாமல் கிடக்கும் பெரிய வழக்குகளில் இதுவும் ஒன்று: லட்சங்களில் விலை போகும் கிட்டாரைப் போலவே தோற்றமளிக்கும் மலிவு விலைக் கிட்டாரை வாங்கலாமா, கூடாதா? இதற்காக இதுவரை போர் மூண்டதில்லை. ஆனால் நட்புகள் முறிந்திருக்கின்றன. வாங்கிய விலையில் பாதியை மட்டும் வீட்டில் சொல்லும் வழக்கமும் கிட்டார்காரர்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஆகவே பழைய உரையாசிரியர்கள் கையாண்ட தடை-விடை முறையில் இவ்விவகாரத்தை ஒரு கை பார்ப்பது தகும்.

முதற்கண் இலக்கணம். நகல் வேறு, போலி வேறு. அசலின் உருவத்தை எடுத்துக்கொண்டு தலைப்பகுதியில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது நகல்; பெயரையும் சேர்த்தே திருடுவது போலி. சீனாவிலிருந்து கிப்சன் பெயர் பொறித்து வரும் சரக்குக்குக் கிட்டார் வட்டாரம் ‘சிப்சன்’ என்று பட்டம் சூட்டியிருக்கிறது. அது சுங்கத் துறை ஆராய வேண்டிய பொருள். இக்கட்டுரை அதைத் தொடாது. கொல்கத்தாவில் தயாராகி, இந்தியாவெங்கும் எத்தனையோ கல்லூரி விடுதிகளில் முதல் கிட்டாராக விளங்கிய ‘கிவ்சன்’ எந்த வகையில் சேரும் என்பது ஒரே ஓர் எழுத்தில் தொங்கும் சிக்கல். புலவர் குழு கூடட்டும்.

இனி, அசல் என்பது யாது? கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950இல் அவர் வெளியிட்ட மாதிரிதான் பின்பு டெலிகாஸ்டர் ஆனது; 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. பலகையை வடிவாக அறுத்து, கழுத்தை நான்கு திருகாணிகளால் முடுக்கிவிட்டால் கிட்டார் தயார். கழுத்து கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். பரம்பரைக் கைவினைஞர்கள் முகம் சுளிக்கும்படியான, தொழிற்சாலைக்கென்றே பிறந்த யோசனை அது. சட்டென்று செய்து முடிப்பதற்காகவே உருவான ஒரு பொருளை இந்தோனேசியாவில் கணினி எந்திரம் சட்டென்று செய்து முடித்தால், அதில் மரபுமீறல் எங்கே இருக்கிறது?

கிப்சன் தரப்பின் கதை இன்னும் வேடிக்கை. 1952இல் வந்த லெஸ் பால் கிட்டாருக்கு 1958இல் தீச்சுடர் போன்ற வண்ணம் பூசினார்கள். 1960 வரை ஆயிரத்து ஐந்நூறு அளவில் செய்திருப்பார்கள். வாங்க ஆள் வரவில்லை. நிறுவனமே கைவிட்டு, 1961இல் வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது. 1966இல் ஜான் மேயாலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் பழைய லெஸ் பாலை வாசித்த பிறகுதான் ஊரே அதைத் தேடத் தொடங்கியது. 1968இல் கிப்சன் திரும்பவும் தயாரிப்பில் இறங்கியது. அன்று கடையில் தூசி படிந்து கிடந்தவை இன்று பல லட்சம் டாலருக்குப் போகின்றன.

எழுபதுகளில் ஜப்பான் காட்சிக்குள் நுழைகிறது. ஐபனெஸ், கிரேகோ, டோக்காய் என்று பல பெயர்களில் அமெரிக்க வடிவங்கள் அச்சு அசலாக வரத் தொடங்கின. பொறுத்துப் பார்த்த கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்கர் மீது 1977இல் வழக்குப் போட்டது. வழக்கின் மையம் கிட்டாரின் நாதமும் இல்லை, உடலும் இல்லை. திறந்த புத்தகம் போன்ற தலை உச்சியின் வடிவம். வழக்கு வருவதற்குள் ஐபனெஸ் அந்தத் தலையை மாற்றியே விட்டிருந்தது! மறு ஆண்டு சமரசம் ஆயிற்று. அந்த ஒரே வழக்கின் புண்ணியத்தில், எழுபதுகளின் ஜப்பான் நகல்கள் அனைத்தும் ‘வழக்குக் காலத்துக் கிட்டார்’ என்ற விருதோடு கூடுதல் விலைக்கு விற்கின்றன. வழக்கில் சிக்காத கம்பெனிகளின் சரக்கும் இதில் அடக்கம்.

ஃபெண்டர் எடுத்த வழி வேறு. போட்டி போட்டு மாளாது என்று தெரிந்ததும் 1982இல் ஜப்பானிலேயே கூட்டு நிறுவனம் தொடங்கி, மாட்சுமோட்டோவின் ஃபூஜிஜென் ஆலையிடம் வேலையை ஒப்படைத்தது. ஐபனெஸுக்கு நகல் செய்து கொடுத்த அதே ஆலை! மாதிரிகள் கலிஃபோர்னியா வந்து சேர்ந்தபோது, அவற்றின் தரத்தைப் பார்த்துத் தன் ஆட்களுக்கு அழுகையே வரப்பார்த்ததாக அன்றைய ஃபெண்டர் அதிகாரி டான் ஸ்மித் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தன்னைத் தானே நகலெடுத்து மலிவாக விற்க ஃபெண்டர் ‘ஸ்குவையர்’ முத்திரையைக் கிட்டார்களில் போடத் தொடங்கியதும் அப்போதுதான். கிப்சனுக்கு எபிஃபோன் இதே வேலையைச் செய்கிறது. 2009இல், தன் கிட்டார் உடல்களின் வடிவத்துக்கு வணிகச் சின்ன உரிமை கோரிய ஃபெண்டரை அமெரிக்க வாரியம் திருப்பி அனுப்பியது. பல பத்தாண்டுகளாக எல்லோரும் செய்துவரும் வடிவம், எலெக்ட்ரிக் கிட்டார் என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது என்பது காரணம். ஊர்ப் பொதுச் சொத்துக்குப் பட்டா கிடையாது.

தடை: ‘நகலால் மேடையேற முடியுமா?’ விடை: கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் 1987ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்த லெஸ் பால், கிப்சன் ஆலையைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. கிறிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த நகல் அது. அந்த நாதத்தைக் கேட்டு உலகெங்கும் இளைஞர்கள் கிப்சன் வாங்க ஓடினார்கள். 2010இல் கிப்சனே அந்த நகலை முன்மாதிரியாகக் கொண்டு ‘ஸ்லாஷ்’ கிட்டார் ஒன்றை வெளியிட்டது. அசல் எது, நகல் எது என்று இவ்விடத்தில் கேட்பவருக்குத் தலைசுற்றல் உறுதி. பாடகர் பிரின்ஸ் ஆண்டுக்கணக்கில் கட்டியழுத கிட்டாரும் ஹோனர் பெயரில் ஜப்பானில் செய்த டெலிகாஸ்டர் நகல்தான். கிளாப்டனின் புகழ்பெற்ற ‘பிளாக்கி’யோ, மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைப் பிரித்துக் கோத்த கதம்பம். அதன் ஒவ்வொரு துண்டும் அசல்; முழுசாக அப்படி ஒரு கிட்டார் எந்த ஆலையிலிருந்தும் வெளிவந்ததில்லை. 2004 ஏலத்தில் 9,59,500 டாலர்.

இங்கே வயலின்காரர்களின் சோதனை ஒன்றையும் குறிக்க வேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் தோழர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 21 கலைஞர்கள் வெல்டிங் கண்ணாடி அணிந்து மங்கிய ஓட்டல் அறையில் ஸ்ட்ராடிவாரியஸையும் புது வயலினையும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். பலருக்குப் புதியதே பிடித்திருந்தது. கிட்டார்காரர்களை இப்படி உட்காரவைப்பது கடினம். தலையில் உள்ள பெயரைப் பார்க்கத்தானே முக்கால்வாசிப் பணம் கொடுத்திருக்கிறார்கள்?

பணம் வேறு எங்கெல்லாம் போகிறது? மரத்தில் கொஞ்சம். விலையுயர்ந்த கிட்டாரின் விரற்பலகைக்கு நம் ஈட்டி மரத்தை நாடுவார்கள். தமிழகத்தில் அதை வெட்டவிடாமல் காக்க 1994இல் தனிச்சட்டமே வந்தது. 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் இறுகியபின், ஸ்குவையரும் எபிஃபோனும் ‘இந்தியன் லாரல்’ என்ற மரத்துக்கு மாறின. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நம் கருமருதுதான். ஆக அசலானாலும் நகலானாலும் பல நேரம் விரல் படும் இடம் இந்தியக் காட்டு மரம். இதில் நமக்குப் பாரபட்சம் இல்லை.

மின்பகுதியில் வித்தியாசம் உண்மையானது. மலிவு நகலில், கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் ‘பிக்கப்’பின் அடியில் ஒரு செராமிக் காந்தம் ஒட்டி எஃகுத் துண்டுகளால் சமாளித்திருப்பார்கள். விலை ஏறினால் அல்னிகோ காந்தக் கம்பிகள். சுவிட்சும் வால்யூம் திருகும் சின்னதாய், சில ஆண்டுகளில் கரகரக்கும். ஆனால் இவை எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை.

பெரும்பணம் போவது அரத்துக்கு. விரற்பலகையின் குறுக்கே ஓடும் ஃபிரெட் கம்பிகளை எங்கே பதிப்பது என்பது வெறும் கணக்கு. ஏழை எந்திரமும் பணக்கார எந்திரமும் ஒரே கணக்கைத்தான் போடும். பதித்தபின் அவற்றைச் சமமாக்கி, உச்சியை உருட்டி, விளிம்பைத் தேய்த்து, தலைப்பக்க ‘நட்’டில் கம்பி உட்காரும் பள்ளத்தைச் சரியான ஆழத்துக்கு அறுப்பதற்கு ஒரு மனிதர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். மலிவு நகலில் மிச்சம் பிடிப்பது இந்த மனிதரின் நேரத்தைத்தான். பள்ளம் ஆழமில்லாவிட்டால் முதல் ஃபிரெட்டில் கம்பி அழுந்தாது, அழுத்தினாலும் சுருதி ஏறும். புதிதாகக் கற்பவர் எஃப் கார்டு வரவில்லை என்று தன் விரலைச் சபித்துக்கொண்டிருப்பார். குற்றவாளி ஒரு பிளாஸ்டிக் துண்டு.

ஆச்சரியம் என்னவென்றால், மிச்சம் பிடித்ததாலேயே நகல் உயர்ந்துவிடும் இடமும் உண்டு. கிப்சனின் சாய்ந்த தலை, கழுத்தோடு ஒரே மரத்தில் செதுக்கியது. மரத்தின் இழை அங்கே குறுக்கே ஓடுவதால் கீழே விழுந்தால் சரியாக அங்கேதான் முறியும். மரச் செலவைக் குறைக்கப் பல நகல்களில் தலையைத் தனியே அறுத்துச் சரிவாக ஒட்டுகிறார்கள். இழை தலையின் திசையிலேயே போவதால் அது எளிதில் முறிவதில்லை. அசல்வாதிகள் இந்த ஒட்டைக் குறையென்று சொல்வார்கள், பழுதுபார்ப்பவரிடம் தலை முறிந்த அசலைக் கொடுத்துவிட்டு.

ஆகவே இவ்வாய்வு கண்டது: ஃபெண்டர் வகை நகலைத் தயங்காமல் வாங்கலாம். கடைநிலையை விட்டு ஒரு படி மேலேறி, மிஞ்சும் பணத்தில் நல்ல பழுதுபார்ப்பவரிடம் ஃபிரெட் வேலையும் நட் வேலையும் செய்துகொள்ள வேண்டும். கழுத்தை ஒட்டி, மேல்பலகையைச் செதுக்கிச் செய்யும் லெஸ் பால் வகையில் மிகமலிவைத் தவிர்ப்பது நல்லது. அங்கே கையுழைப்பின் பற்றாக்குறை ஒளியாது. வாங்குமுன் கழுத்தின் ஓரத்தை விரலால் வருடிப் பார்த்தால் போதும். வறண்ட காலத்தில் மரம் சுருங்கி, ஃபிரெட் முனைகள் ரம்பம்போல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கடையை விட்டு நகரலாம்.

அசல்வாதிகளின் கையில் ஒரே ஒரு நல்ல வாதம் மிஞ்சுகிறது: மறுவிற்பனை. அசலை விற்றால் போட்டதில் பெரும்பங்கு திரும்பும், நகலுக்கு அந்த யோகமில்லை. இந்த வாதத்திலும் ஒரு துளை உண்டு. 1982இல் மலிவுச் சரக்காக வெளிவந்த, வரிசை எண்ணில் ‘ஜேவி’ எழுத்துக்கள் கொண்ட ஜப்பான் ஸ்குவையர்கள் இன்று ஆயிரம் டாலருக்கு மேலேயே கைமாறுகின்றன. வாங்குபவர்கள் தலைப்பகுதியையும் வரிசை எண்ணையும் உற்று உற்றுப் பார்த்து, இது அசல் ஸ்குவையர்தானா என்று விசாரிக்கிறார்கள்.