கிளைம் போட்ட மருமவனுக்கு

வா மருமவனே, உக்காரு. தேரடிக் கல்தூணு உன் காருக்குக் குறுக்க வந்துட்டாமே? எங்க தாத்தா காலத்துல இருந்து அசையாம நின்ன தூணு, உன்னயப் பாத்ததும் நடந்து வந்திருக்கு. கல்லுக்குப் புத்தி கெட்டுப்போனா நீ என்னய்யா செய்வே!

பம்பர் விலை 5,000. உடனே கிளைம் போட்டுட்டே, கெட்டிக்காரன். பம்பர் பிளாஸ்டிக்கு, தேய்மானம்னு பாதியக் கழிச்சிருப்பான். மிச்சம் 2,500. அதுலயும் உன் மாதிரி சின்ன காருக்கு முதல் 1,000 நம்ம கைக்காசு. ஆக, கையில வந்தது 1,500.

இப்போ ரெனியூவலுக்கு வருவோம். நாலு வருசம் கிளைமே கேக்காம ஓட்டினே. நோ கிளைம் போனஸ் 20, 25, 35ன்னு ஏறி 45 சதவீதத்துல நின்னுது. இந்த வருசமும் பேசாம இருந்திருந்தா 50. உன் வண்டிச் சேதத்துக்குக் கட்டுத பிரீமியம் 12,000ன்னு வையி, 6,000 தள்ளுபடி. இப்போ சைபர்! 1,500 வாங்கப் போயி 6,000 விட்டிருக்கே. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்காப் பணம். இனி மறுபடியும் ஒன்னாங்கிளாஸ்ல இருந்து ஏறணும்.

என்ன, கம்பெனிய மாத்தப் போறியா? மாத்து. புதுசா வாரவன் பழைய கம்பெனியில விசாரிப்பான். போனஸ் இருக்குன்னு பொய் எழுதிக் கொடுத்துத் தள்ளுபடி வாங்கினேன்னு வையி, நாளைக்கு நெசமாவே அடிபட்டு நிக்கையில அந்தப் பொய்யக் காட்டிக் கைய விரிச்சிருவான். ரெனியூவலே பண்ண மாட்டியா? இது அதவிட நல்ல யோசனை. தேதி முடிஞ்சு 90 நாள் தாண்டினா, கிளைமே போடாத யோக்கியனுக்கும் போனஸ் போயிரும். நடுவுல போலீசு மறிச்சா, முதல் தடவைக்கு 2,000 அபராதம்.

அதுக்காக, நாளைக்குக் கதவு நசுங்கி 60,000 பில்லு வந்தா, 'போனஸ் போயிரும் மாமா'ன்னு வாயப் பொத்திட்டு நிக்காதே. அதுக்குத்தாம்லே பாலிசி! கீறலுக்குக் கைக்காசு, பெரிய அடிக்குக் கம்பெனி. கிளைமுக்குப் போன் போடுததுக்கு முன்னாடி கூட்டிக் கழிச்சுப் பாரு.

ஆனா கல்யாண வீட்டுல 'தீர்த்தம்' சாப்பிட்டுட்டு முட்டினேன்னா, உன் வண்டிக்குச் சல்லிக்காசு வராது. முதல் தடவைக்கே 10,000 அபராதம், ஆறு மாசம் உள்ள போனாலும் போவே.

இன்னொன்னு கேளு. 2021-ல இன்சூரன்ஸ் ஆணையத்துக் குழு ஒன்னு, சாலை விதிய மீறுதவனுக்குப் புள்ளி போட்டு பிரீமியத்த ஏத்தலாம், டெல்லிப் பக்கம் சோதிச்சுப் பாக்கலாம்னு சொல்லிச்சு. தப்பான இடத்துல வண்டிய நிறுத்தினா 10 புள்ளி, குடிச்சிட்டு ஓட்டினா 100. அது மட்டும் நம்ம ஊருக்கு வரட்டும் மருமவனே: பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வருசமும் வாங்காத நூத்துக்கு நூற, நீ ஒரே ராத்திரியில வாங்கிப்புடுவே!