உடைந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: வீட்டிலேயே சின்னச் சூளை வைத்து கண்ணாடித் தம்ளர், கிண்ணம் செய்து விற்கிறேன். 'விற்ற பிறகு நாங்கள் பொறுப்பல்ல' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் போதுமா? (வாசகி, கோவை)

பதில்: அச்சுக்கூலிதான் தண்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, எச்சரிக்கை சொல்லாமல் விட்டது என ஏதாவது ஒன்றால் வாங்கியவர் கை கிழிந்தால், செய்தவர் நஷ்டஈடு தர வேண்டிவரும். தம்ளரை அடுப்பில் ஏற்றிப் பால் காய்ச்சினவருக்கு அதே சட்டம் கைவிரிக்கும். 'அடுப்பில் வைக்காதீர்' என்று சீட்டு ஒட்டியிருந்தால் உங்கள் வாதத்துக்கு இன்னும் பலம்.

கேள்வி: அலமாரியில் சும்மா இருந்த கிண்ணம் நடுராத்திரி தானாக வெடித்தது. திருஷ்டியா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: அனீலிங் (செய்த கண்ணாடியைச் சூளையில் மெதுவாக ஆறவிடுவது) போதவில்லை. வெளிப்பக்கம் முதலில் ஆறி இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகுதான் சுருங்கும். அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கி, ஒருநாள் வெடிக்கும். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி என்றால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சூளைக்குள் நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். சோதிக்க வேண்டுமா? லேப்டாப் திரையை வெள்ளையாக்கி, போலராய்டு கூலிங்கிளாஸை அதன் முன்னால் இருட்டாகும்வரை திருப்புங்கள். இடையில் கிண்ணத்தைப் பிடியுங்கள். இருட்டுக்குள் வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால் அதை விற்காதீர்கள். பூசணிக்காய்ச் செலவு மிச்சம்.

கேள்வி: போரோசிலிகேட் கிண்ணத்துக்கு, கைவசம் இருக்கும் சோடாக் கண்ணாடியில் கைப்பிடி ஒட்டலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஜாதகம் சேராது. சூட்டில் சோடாக் கண்ணாடி போரோசிலிகேட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். ஆறும்போது ஒட்டிய இடமே கீறும்.

கேள்வி: பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் கிண்ணத்தில் ஊறுகாய் வைக்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: அந்த நிறங்கள் பெரும்பாலும் காட்மியத்தின் கைவண்ணம். கிரிஸ்டல் என்றால் ஈயமும் இருக்கலாம். இரண்டும் எவ்வளவு கசிகிறது என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 7086 என்றொரு சோதனை இருக்கிறது: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைப்பார்கள். ஆய்வகச் சான்று கையில் இல்லையா? 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதி விற்றுவிடுங்கள். மாவடு மாதக்கணக்கில் ஊறும், மறக்க வேண்டாம்.

கேள்வி: சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் விற்கிறேன். அவர்களுமா நுகர்வோர்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: காசு வாங்கினால் அத்தையும் நுகர்வோர்தான், வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இலவசமாகக் கொடுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. கல்யாண வீட்டில் பேசுவார்கள், அதற்கு அவகாச வரம்பே கிடையாது.