ஒற்றைக்கண் தளபதி மோஷே தயான்

இஸ்ரேலுக்காகப் போரிட்டுத்தான் தயான் இடக் கண்ணை இழந்தாரா?

இஸ்ரேல் பிறந்ததே அதற்கு 7 ஆண்டு கழித்துத்தான்! 1915-இல் கலிலேயக் கடலோரம் தெகானியா கூட்டுப்பண்ணையில் பிறந்த தயானை, 1939-இல் சிறையில் அடைத்தது பிரிட்டிஷ் அரசு. 1941-இல் விடுதலையானவர், அதே பிரிட்டிஷார் பக்கம் நின்று ஹிட்லரோடு ஒத்துழைத்த விஷி பிரெஞ்சு அரசின் படையோடு மோதினார். அவர் கண்ணில் வைத்திருந்த பைனாகுலரில் குண்டு பாய்ந்தது. கண்ணாடிச் சில்லுகள் கண்ணுக்குள் இறங்கின.

கறுப்புக் கண்பட்டை புகழ் பெற்றது எப்போது?

1953 முதல் 1958 வரை இஸ்ரேலின் தலைமைத் தளபதியாக இருந்தபோதே. 1956-இல் எகிப்தின் சினாய் மீது படையெடுப்பை நடத்தினார். 1967 ஜூனில் பாதுகாப்பு அமைச்சரான சில நாளிலேயே அண்டை அரபு நாடுகளோடு போர் மூண்டது. ஆறே நாளில் சினாய், மேற்குக் கரை, கோலான் குன்றுகள் இஸ்ரேல் வசமாயின.

ஆறு நாளில் வென்றவரை வீழ்த்தியது யார்?

அந்த வெற்றி தந்த மிதப்பு. 1973 அக்டோபர் 6, யோம் கிப்பூர் நோன்பு நாளில் எகிப்தும் சிரியாவும் தாக்கின. அன்று காலைகூட, படையை முழுமையாகத் திரட்டத் தயங்கினார் தயான். 1974-இல் பதவி போனது.

பிறகு ஓய்வுதானா?

இல்லை, சமாதானம்! 1977-இல் வெளியுறவு அமைச்சரானார். தாம் பிடித்த சினாயை எகிப்துக்கே திருப்பித் தர வழிவகுத்த 1978 கேம்ப் டேவிட் பேச்சில் முக்கியப் பங்காற்றினார். 1981-இல் இறந்தார். அதே 1967 போரில் பிடித்த மேற்குக் கரையில் பாலஸ்தீனர் கேட்கும் நியாயமோ இன்னும் கிடைக்கவில்லை.