ஜெனரேட்டர் வாங்கவே போகிறவர்

கரண்ட் போனால் ஊர் உலகம் மெழுகுவத்தியைத் தேடும். இவர் பேப்பரும் பேனாவும் தேடுவார். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர். சட்டைப்பையில் டெஸ்டர் வைத்திருப்பவர். 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற ஊர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் என்று கரண்ட் கட் படுத்தி எடுத்ததே, அப்போதுதான் ஜெனரேட்டர் வாங்குவதென்று முடிவெடுத்தார். அந்த முடிவில் இன்றுவரை மாற்றமில்லை.

“இன்வெர்ட்டர் போட்டுக்கலாமே சார்?” என்று யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார். “கஜா வந்தப்ப இன்வெர்ட்டர் எத்தனை நாள் தாங்குச்சு? பேட்டரி இறங்கினப்புறம் அதுக்கு எங்கேருந்து கரண்ட் குடுப்பீங்க?” அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் கரையைக் கடந்து போஸ்ட் மரங்களைச் சாய்த்துப்போட்ட பிறகு, உள்ளூர்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, வீட்டுக்கு வீடு மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிட்டுக் காசு வாங்கிப் போனார்கள். அந்த வண்டிக்காகத் தெருமுனையில் காத்திருந்தவர்களில் இவரும் ஒருவர். ஆனால் வண்டி வந்ததும் மற்றவர்கள் குடத்தைப் பார்த்தார்கள். இவர் ஜெனரேட்டரின் நேம் பிளேட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தொடங்கும் லோடு கணக்கு. “ரெண்டு ஃபேன், நாலு லைட்டு. ஃபேன் எழுபத்தஞ்சு வாட்ஸ், எல்இடி ஒம்பது. ஒரு கேவிஏவே ஜாஸ்தி” என்று தெளிவாகத்தான் ஆரம்பிப்பார்.

“மிக்ஸி ஓடுமா?” என்பார் மனைவி அடுப்படியிலிருந்து.

மிக்ஸி எழுநூற்றைம்பது. பேப்பரில் ஏறும். அதற்குள் மகன் வந்து ஃப்ரிட்ஜ் என்பான். ஃப்ரிட்ஜ் ஓடும்போது பரம சாது, இருநூறு வாட்ஸ்கூட இழுக்காது. கிளம்பும் அந்த ஒரு கணத்தில்தான் பல மடங்கு கேட்கும். கடைசியில் வரும் மோட்டார். “ஒரு ஹெச்பின்னா 746 வாட்ஸ். ஆனா அது மோட்டார் குடுக்கிறது, இழுக்கிறது ஆயிரத்துக்கு மேல. ஸ்டார்ட் ஆவுறப்ப மூணு மடங்கு, சமயத்துல ஆறு மடங்கு.” வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூட்டினால் ஐந்து கேவிஏவில் வந்து நிற்கும். அந்த சைஸில் எண்பது, தொண்ணூறு கிலோ இருக்கும். கைப்பிடி வைத்திருப்பதால் அதற்கும் போர்ட்டபிள் என்றுதான் பெயர்.

“ஏங்க, அம்மி எத்தனை கேவிஏ இழுக்கும்?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா இருட்டிலேயே சட்னி அரைக்கப் போய்விடுவார்.

தஞ்சாவூர்க் கடைக்காரர்களுக்கு இவர் நல்ல பழக்கம். கேவிஏ வேறு, கிலோவாட் வேறு, ரெண்டுக்கும் நடுவில் பாயிண்ட் எட்டு இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்த சேல்ஸ் பையனுக்கு வகுப்பெடுப்பார். சத்தத்தை ஏழு மீட்டர் தள்ளி அளந்துதான் டெசிபல் போடுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, ஓடுகிற மெஷினிலிருந்து ஏழு மீட்டர் காலடியால் அளந்துகொண்டே போவார். அது ரோட்டைத் தாண்டி எதிர்த்த டீக்கடையில் போய் முடியும். அங்கே நின்று காதைத் தீட்டினால் அரசு பஸ் சத்தம்தான் கேட்கும். கடைக்காரர் டீயும் வாங்கிக் கொடுப்பார். பஜ்ஜி, சொஜ்ஜி மட்டும்தான் பாக்கி. “வீட்ல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புறேன்.”

வீட்டில் அடுத்த சிக்கல், எங்கே வைப்பது? போர்ட்டிகோவுக்கு கிரில் போட்டு மூடியாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே கூடவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவனை எழுப்பாமலே கூட்டிக்கொண்டு போய்விடும். கொல்லைப்பக்கம் வைத்தால் பக்கத்து வீட்டு ஜன்னல். மொட்டை மாடி என்றால் தூக்குவது யார்? போதாக்குறைக்குப் பெட்ரோல் கணக்கு வேறு. லிட்டருக்கு இரண்டு யூனிட் தேறும். யூனிட் ஐம்பது ரூபாய். “இங்க மொதல் நூறு யூனிட் ஃப்ரீ!” என்று சொல்லும்போது சரியாக கரண்ட் வந்துவிடும். தாள் மடிந்து பஞ்சாங்கத்துக்குள் போகும்.

இந்த லட்சணத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர், எந்தக் கணக்கும் தெரியாத மனுஷன், காலையில் கிளம்பிப்போய் மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு கேவிஏ ஒன்றை இறக்கிவிட்டார். நம்மவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் சாயங்காலம், இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரை எலக்ட்ரீஷியன் எடுத்து பிளக் பாயிண்டில் சொருகப் போனபோது காம்பவுண்ட் சுவரைத் தாண்டி வந்து நின்றது இவர் குரல்தான். “மெயினை அணைக்க ஒருநாள் மறந்தா போதும். லைன்ல தலைகீழாப் போயி டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறி 11,000 வோல்ட்டா நிக்கும். கரண்ட் இல்லேன்னு நம்பி போஸ்ட்ல ஏறுறவன் பொண்டாட்டி புள்ளைக்கு நீ பதில் சொல்லுவியா?” எலக்ட்ரீஷியன் முனகிக்கொண்டே போய் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வாங்கி வந்தார். இத்தனை வருஷப் படிப்பில் அந்த ஒரு சுவிட்ச் லாபம்.

அதற்கு நன்றியாகவோ என்னவோ, இப்போதெல்லாம் கரண்ட் போனால் சுவர் தாண்டி ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் வருகிறது: ஒரு லைட்டு, ஒரு ஃபேன். அந்த ஃபேனுக்கு நேர் கீழே ஈசிசேரைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், “அவசரப்பட்டுட்டாரு. ரெண்டு கேவிஏல மோட்டாரைப் போட்டா முக்கும்” என்று விளக்குகிறார்.

“சார், காத்து வருதா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்கிறது.

“வருது, வருது. ஆனா ஹெர்ட்ஸ் கொஞ்சம் கம்மியா தெரியுது. கவர்னரைப் பாக்கச் சொல்லுங்க!”