மலையாளம் படித்த கட்டைவிரல்

பெறுநர்:
அறுவைக்கு முந்தைய பரிசோதனைப் பிரிவு,
மலையிறங்கி வந்தால் முதலில் கண்ணில் படும் அந்தப் பெரிய தனியார் மருத்துவமனை.

மேன்மை தங்கிய பிரிவின் திருச்சமூகத்துக்கு,

கொழுந்து பறித்தே ஓய்வுபெற்ற ஒருத்தியின் மகள், மூணாற்று மலையிலிருந்து தெண்டனிட்டு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சென்ற செவ்வாய்க்கிழமை தாங்கள் நிகழ்த்திய அற்புதத்துக்கு முதலில் நன்றி. என் அம்மாவுக்கு மலையாளம் பேச வரும். ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. ஆனால் அவளுடைய இடதுகைக் கட்டைவிரலுக்கு மலையாளம் தெரியும் என்பதைத் தாங்கள் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டீர்கள். மூன்று பக்க ஒப்புதல் படிவத்தை அந்த விரல் வாசித்தது, புரிந்துகொண்டது, 'எனக்குப் புரியும் மொழியில் எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது' என்று மை தொட்டுச் சாட்சியும் சொன்னது. அந்த வாசகமே மலையாளத்தில்தான் அச்சாகியிருந்தது. படித்த விரலுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

அம்மா முதலில் பேனாவைத்தான் கேட்டாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். எழுத்தெழுத்தாக, சுழிக்குச் சுழி நிறுத்தித்தான் தன் பெயரை எழுதுவாள். சம்பளப் பட்டியலிலும் பேங்கிலும் பி.எஃப். தாளிலும் செல்லுபடியான கையெழுத்து அது. முதல் எழுத்தைப் பார்த்ததுமே தாங்கள், "இது வேண்டா அம்மச்சி, தம்ப் வெச்சா மதி" என்றீர்கள். கண்ணாடித் தடுப்பின் அடியிலுள்ள சந்து வழியாக ஸ்டாம்ப் பேட் வெளியே வந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். அம்மா பேனாவை மூடினாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். நோயாளியோடு வந்த பைஸ்டாண்டர்கள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற தங்கள் கட்டளைக்குப் பணிந்து நான் தள்ளி நின்று அந்தக் காட்சியைக் கண்டு களித்தேன்.

'மோ.க.காந்தி' என்று தமிழில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் மகாத்மா. அவர் தங்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்திருந்தால் நீல விரலோடுதான் ஆசிரமத்துக்குத் திரும்பியிருப்பார்.

அந்தக் கட்டைவிரலின் பூர்வீகத்தைத் தாங்கள் அறியமாட்டீர்கள். ஆயுசெல்லாம் கொழுந்து கிள்ளியதில் ரேகை தேய்ந்துபோன விரல். ரேஷன் கடை இ-போஸ் மெஷின் மாதாமாதம் அதைத் திருப்பி அனுப்பும். துடைத்துத் துடைத்து வைத்தாலும் 'இது மனுஷ விரலே இல்லை' என்பதுபோல் பீப் அடிக்கும். அரிசிக்கு ஆகாத விரலைத் தாங்கள் மலையாளப் பண்டிதராகவே ஏற்றுக்கொண்டீர்கள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்கு வயது வரம்பு மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் இந்நேரம் அது கிளார்க் வேலையில் சேர்ந்திருக்கும்.

வந்த காரியம் என்னவோ சின்னதுதான். அம்மாவின் வீட்டார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். சிறுவயதிலேயே காது வடித்து, பாம்படம் போடுவதற்கென்று வளர்த்த காது. பாம்படம் என் படிப்புக்குப் போயிற்று. நீண்ட மடல் மட்டும் தங்கிவிட்டது. அதில் ஒன்று அறுந்து இரண்டாகத் தொங்குகிறது. பேத்தி கல்யாணத்துக்கு ஒரு சின்னக் கம்மல் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. லிக்னோகைன் ஊசி போட்டு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஓரத்தைச் சீவித் தைக்கும் வேலை. "காஸ்மெட்டிக்கா? இந்தப் பிராயத்திலா?" என்று தங்கள் ஊழியர் பக்கத்து இருக்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். எழுபதைத் தாண்டியவளுக்குக் காது எதற்கு? வாயும் தேவையில்லை, கண்ணும் தேவையில்லை. தங்களுக்கு வேண்டியது ஒரு விரல்தானே!

'காஸ்மெட்டிக்' என்று தட்டச்சிட்டதும் பில்லில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஏறிக்கொண்டது. காயத்தால் சிதைந்த உறுப்பைச் சீர்செய்யும் சிகிச்சைக்கு அந்த வரி கிடையாது என்று விதி இருக்கிறதே, அறுந்த காது காயத்தில் சேராதா என்று கேட்டேன். "சிஸ்டத்தில் காஸ்மெட்டிக்" என்று பதில் வந்தது. சிஸ்டம் சொன்னால் சரிதான். அதற்கும் ஒரு கட்டைவிரல் இருக்கும்.

தாங்கள் கொடுத்த குறிப்புத்தாளைத் தலைமேல் வைத்து நடந்தோம். 'முந்தின இரவிலிருந்து வாயில் ஒன்றும் படக் கூடாது' என்றிருந்தது. ஜீப் விடியுமுன்னே கிளம்பியது. இந்தியா முழுக்கக் குடிக்கும் டீயைக் கிள்ளிக் கொடுத்தவள் ஒரு வாய் டீ இல்லாமல் அத்தனை வளைவும் இறங்கினாள். முழு மயக்கம் கொடுக்கும் அறுவைக்கே லேசான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரமும், தெளிந்த பானத்துக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி போதும் என்கின்றன மயக்கவியல் வழிகாட்டிகள். பால் விடாத கட்டன் சாயா அந்தத் தெளிந்த பானங்களில் ஒன்று. அதிலும் அன்று நடக்கவிருந்தது அறுவையே அல்ல, வெறும் பரிசோதனை. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்வரை வெறும் வயிறு வேண்டும் என்பது நியாயம். எடுத்தபிறகு ஒரு கிளாஸ் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்ல ஆளில்லை. மதியம் வரை பட்டினி கிடந்தாள்.

பிறகு தொடங்கியது திருவுலா. ஹீமோகுளோபின், ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிறுநீர், ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே. காதுமடலில் எலும்பு கிடையாது; நெஞ்சில் இருக்கிறதே, அதையாவது படம் பிடிப்போம் என்ற தங்கள் பெருந்தன்மை யாருக்கு வரும்? ஈரலைக் கேட்டீர்கள், சிறுநீரகத்தைக் கேட்டீர்கள், இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் விசாரித்தீர்கள். இத்தனை உறுப்புக்கும் சொந்தக்காரியை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனிச் சொல்வதற்குத் திருச்சமூகம் மன்னிக்க வேண்டும். படிவத்தின் நகலை வெளியே வந்துதான் வாசித்தேன். நான் இங்கேயே படித்தவள், எனக்கு மலையாளம் வரும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பட்டியல். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இல்லை. மரப்பு ஊசி முன்னே ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? இல்லை. காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்ததுண்டா? இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று டிக் விழுந்திருந்தது. அம்மாவின் மஞ்சப் பையில் ரத்தத்தை இளக்கும் எக்கோஸ்பிரின் மாத்திரை, பாதி தீர்ந்த அட்டையாக இருக்கிறது. ஆஞ்சியோ செய்ததிலிருந்து தினமும் ராத்திரி ஒன்று. தோள்பட்டையில் பழைய தீக்காயம் ஒன்று கயிறு மாதிரி தடித்துக் கிடக்கிறது. அப்படித் தடிக்கும் உடம்பென்றால் தைத்த காது பழைய காதைவிட மோசமாகலாம். காது அதற்குப் பேர்போன இடம்.

அந்த மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பது டாக்டர் எடுக்கவேண்டிய முடிவு. சாப்பிடுகிறாள் என்பதே தெரியாத டாக்டர் எதை முடிவெடுப்பார்? "அம்மா, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" — இவ்வளவுதானே கேள்வி? இதை மலையாளத்தில் கேட்டிருந்தால்கூட அவளுக்குப் புரியும். நீங்கள் எந்த மொழியிலும் கேட்கவில்லை. கேட்காமலே பதில் எழுதி, அந்தப் பதிலுக்கு அவள் விரலையே பிடித்துச் சாட்சி வைத்தீர்கள். ரத்தம் நிற்காமல் போயிருந்தால், 'பேஷண்ட்தான் இல்லை என்றாள், இதோ ரேகை' என்று நீட்டியிருப்பீர்கள். அந்த மை நோயாளியைக் காப்பாற்ற அல்ல, உங்களைக் காப்பாற்ற.

குரல் உயர்ந்துவிட்டது. தயாநிதியாகிய தாங்கள் பொறுத்தருள வேண்டும். மாத்திரை அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டியதும் தாங்கள் கோபிக்கவில்லை. புதுப் படிவம் எடுத்து, 'உண்டு' என்று டிக் போட்டு, மறுபடி ஸ்டாம்ப் பேடை நீட்டினீர்கள். சற்றுமுன் 'இல்லை' என்று சத்தியம் செய்த கட்டைவிரல் இப்போது 'உண்டு' என்று சத்தியம் செய்தது. மலையாளத்தோடு அரசியலும் படித்த விரல் போலிருக்கிறது.

தங்கள் கலைக்கு நீண்ட பரம்பரை உண்டு. அறுந்த காதுமடலைச் சேர்க்க 15 முறைகளைச் சொல்கிறது சுசுருத சம்ஹிதை.  திப்பு சுல்தானின் சிறையில் மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர் காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரர். புனே பக்கத்தில் செங்கல் சூளைச் சாதிக்காரர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்ததை 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மேகஸின்' படத்தோடு வெளியிட்டது. அந்த முறையைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814இல் மூக்கு வைத்தார். மேலைநாட்டில் இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரி தளிர்த்தது அங்கேதான். காவஸ்ஜிக்கு ஒரு கைதான் மிச்சமிருந்தது. நல்லவேளை, தங்கள் பிரிவு அப்போது இல்லை. அதிலிருந்த கட்டைவிரலையும் மொழிபெயர்ப்பு வேலைக்கு அமர்த்தியிருப்பீர்கள்.

தங்களுக்கு வேற்றுமொழி ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வரவேற்பறையில் வழவழ தாளில் அரபி மொழிக் கையேடு இருந்தது. அதில் முதலில் மூக்கு, மூக்குக்குப் பிறகு வயிறு, வயிற்றுக்குப் பிறகு முடி. வளைகுடாவிலிருந்து வருபவருக்கு மொழிபெயர்க்க ஒருவர் கோட்டு சூட்டோடு நின்றார். கடல்தாண்டி வரும் மூக்குக்கு மொழிபெயர்ப்பாளர், மலைதாண்டி வரும் காதுக்கு ஸ்டாம்ப் பேட். வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கம் கோவையில் போய்ப் பாருங்கள்: பாலக்காட்டிலிருந்து வரும் நோயாளிகளுக்காக மலையாளத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் பல்வலிக்குக்கூட அங்கே ஓடுவதை ஊர்ப்பற்று இல்லாமை என்று தாங்கள் நினைக்கலாம். தன் பேரைத் தானே எழுதும் ஆசைதான் காரணம்.

நாங்கள் விருந்தாளிகளும் அல்ல. 1956 நவம்பர் 1இல் கேரளம் பிறந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் அதற்குள்தான் இருந்தன. பாலக்காடு சென்னை மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்தது. இந்த மாநிலத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வரவேண்டும் என்கிறது. தாங்கள் தனியார், அந்தச் சட்டம் தங்கள் லிஃப்டில் ஏறாது. 2018ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டமும் கட்டணப் பலகையை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் கேட்கிறது. ஆனால் 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தங்களுக்கும் சேர்த்துத்தான்: சிகிச்சை என்ன, ஆபத்து என்ன, மாற்றுவழி என்ன என்று போதிய விவரம் தெரிந்து, நோயாளி தானாக மனமொப்பிக் கொடுப்பதுதான் ஒப்புதல். அந்த வழக்கில், மயக்கத்தில் கிடந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்றாகிவிட்டது. விழித்திருக்கும் தாய்க்காக அவளுடைய விரல் கொடுக்கும் சம்மதம் எப்படிச் செல்லும் என்பதைத் தங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளவும்.

திருச்சமூகம் மனமிரங்கிச் செய்ய வேண்டியவை இவ்வளவே. இந்தப் படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள். மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் தகவல் சொல்லுங்கள். எங்கள் எஸ்டேட் லயத்தில் இரண்டு மொழியும் படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். மாத்திரை, ஒவ்வாமை, பழைய நோய் பற்றிய கேள்விகளை நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவருக்குப் புரியும்படி வாயால் கேளுங்கள். பதில் வந்தபிறகு டிக் போடுங்கள். எந்த எழுத்தில் கையெழுத்துப் போட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் பேட், எழுதவே தெரியாதவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். அவர்களுக்கும் முதலில் படித்துக்காட்டுங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஒரு பைஸ்டாண்டர்

பின்குறிப்பு, படிக்கும் மலைக்காரர்களுக்கும் எல்லையோரத்தாருக்கும்: ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் எடுத்துப்போங்கள். சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். படிவத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. புரியாத தாளில் கையெழுத்தும் போடாதீர்கள், ரேகையும் வைக்காதீர்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.